மலைப்பாதையில் மக்கர் பண்ணும் பழைய கார்... கைகொடுக்கும் கிட்!

போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்குப் பழைய பெட்ரோல் அம்பாசடரில் கிளம்புகிறீர்களா? ஜமுனாமரத்தூர் ஏற்றத்தில் வண்டி மக்கர் பண்ணினால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட்டைப் பாருங்கள்.

காயிலுக்குப் போகும் கரன்ட்டை வெட்டி வெட்டித் தீப்பொறி வரவைப்பது அதுதான். 4 சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினால், பாயின்ட் 6,000 முறை திறந்து மூடும். கருகாமல் என்ன செய்யும்? எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட்டில் இதே வேலையைத் தேயாத சென்சார் செய்கிறது.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பாயின்ட் இருந்த இடத்தில் சென்சாரையும், ரோட்டருக்குக் கீழே காந்த வளையத்தையும் பொருத்துங்கள். காயிலின் பிளஸ், மைனஸ் வயர்களை மாற்றிக் கொடுத்தால் கிட் காலி! கடைசியில் டைமிங் பார்ப்பது அவசியம்.

பாயின்ட்டை வழியிலேயே உப்புத்தாளால் தேய்த்து ஓட்டிவிடலாம். சென்சார் போனால் அது முடியாது. கழற்றிய பாயின்ட், கண்டென்சரைத் தூக்கிப் போடாமல் காரிலேயே வைத்திருங்கள்!