அம்மோனைட் ஒன்றின் பெயர் மாறிய கதை

அம்மோனைட்டுகள் என்பவை கடலில் வாழ்ந்து முற்றிலும் அழிந்துபோன, ஓடுடைய மெல்லுடலிகள். கணவாய், நாட்டிலஸ் ஆகியவற்றைப் போலத் தலைக்காலிகள் வகுப்பைச் சேர்ந்தவை. வைணவ வீடுகளில் பூசிக்கப்படும் சாளக்கிராமக் கற்களில் பல, இவற்றின் புதைபடிவங்களே.

தென்னிந்தியாவில் கே, கன்லிஃப் என்னும் இருவர் திரட்டிய புதைபடிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் விவரித்தார். அவற்றுள் ஒன்றுக்கு 'அம்மோனைட்டஸ் சாக்யா' என்றும், மற்றொன்றுக்கு 'அம்மோனைட்டஸ் புத்தா' என்றும் பெயரிட்டார். இரண்டும் புத்தரைக் குறிக்கும் பெயர்கள். வேடிக்கை என்னவென்றால், பெயர்களைப் போலவே உயிரினமும் ஒன்றுதான் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் முடிவு செய்தனர். அம்மோனைட் வளர வளர ஓட்டின் தோற்றம் மாறும்; கையில் கிடைப்பதோ பெரும்பாலும் உடைந்த துண்டுகள். ஆகவே இதைப் பெரிய பிழை என்று சொல்லிவிட முடியாது.

ஓர் இனத்துக்கு இரு பெயர்கள் இருந்தால் முந்தியதே செல்லும் என்பது விலங்குப் பெயரீட்டு விதி. இங்கு இரண்டும் ஒரே நூலில் வந்தவை. அத்தகைய நிலையில் முந்திய பக்கத்தில் உள்ளது வெல்லும் என்று மாணவர்கள் நினைப்பதுண்டு. அப்படியல்ல, முதலில் மறுஆய்வு செய்பவர் தேர்ந்தெடுப்பதே நிலைக்கும். 'சாக்யா' நிலைத்தது.

அடுத்து பேரினப் பெயர். அக்காலத்தில் சுருண்ட ஓடுகள் அனைத்தும் 'அம்மோனைட்டஸ்' என்ற ஒரே கூடைக்குள் போடப்பட்டன. பின்னர் ஓட்டின் வரிகளையும், உள்ளறைச் சுவர்கள் ஓட்டைத் தொடும் இடத்தில் உண்டாகும் நெளிகோட்டையும் ஒப்பிட்டுப் பிரித்தார்கள். 1895இல் பிரான்ஸ் காஸ்மட் இதை லைட்டோசெராஸ் பேரினத்தின் துணைப்பேரினமான காட்ரிசெராசில் வைத்தார். காட்ரிசெராசின் ஓட்டில் மயிரிழை போன்ற வரிகள் தெளிவாக இருக்கும். சாக்யாவின் ஓடு அதைவிட வழவழப்பானது. 1934இல் சிமிசு என்ற ஜப்பானிய ஆய்வாளர் சாக்யாவையே மாதிரி இனமாகக் கொண்டு 'அனகாட்ரிசெராஸ்' என்ற பேரினத்தை அமைத்தார்.

எனவே இன்று எழுதும் முறை: அனகாட்ரிசெராஸ் சாக்யா (ஃபோர்ப்ஸ், 1846). பெயரிட்டவர் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் வைத்த பேரினம் பின்னர் மாற்றப்பட்டது என்று பொருள். இந்தச் சிறு குறியைக் கவனிக்காமல் விடுபவர்கள் பலர்.

சில சமயம் சிற்றினப் பெயரின் ஈறும் மாறும். ஸ்டோலிஸ்கா 1865இல் விவரித்த 'அம்மோனைட்டஸ் தியோபால்டியானஸ்', இன்று 'காஸ்மாட்டிசெராஸ் தியோபால்டியானம்'. 'செராஸ்' என்றால் கிரேக்க மொழியில் கொம்பு. அது அஃறிணைப்பால் சொல். அதனால் அடைமொழியும் அதற்கேற்பத் திரிகிறது. எழுவாய்க்கேற்ப வினைமுற்று மாறுவதைப் படித்த நமக்கு இது புதிதல்ல.

இவ்வளவு சிரமம் எதற்கு? சாக்யா ஜப்பானிலும் மடகாஸ்கரிலும்கூடக் கிடைத்துள்ளது. ஒரே அம்மோனைட் இனம் இருக்கும் பாறைகள் ஏறத்தாழ ஒரே காலத்தவை. இங்கே, ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகள். ஓரிடத்தில் 'சாக்யா' என்றும் மற்றோரிடத்தில் 'புத்தா' என்றும் எழுதிவைத்திருந்தால், அந்தப் பாறைகளுக்கு இடையிலான தொடர்பு நம் கண்ணில் படாமலே போயிருக்கும்.