மலை ஏறும் கிழ வண்டிகள்!

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே, கடலில் இருக்கிறது மான் தீவு. அங்கே 1907-ம் ஆண்டில் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயம் தொடங்கியது. இங்கிலாந்தில் பொதுச் சாலையை அடைத்துப் பந்தயம் விடச் சட்டம் இடம் தரவில்லை. தீவில் தந்தது!

அன்று ஒரு பிரிவில் வென்றவர் சார்லி கோலியர். சராசரி வேகம் மணிக்கு 38 மைல். அவருடைய வண்டியில் சைக்கிளைப் போல மிதிகட்டை உண்டு. மேட்டில் என்ஜின் திணறினால், காலால் மிதிக்க வேண்டியதுதான்.

பழைய வண்டிகளுக்காக 1946-ல் இங்கிலாந்தில் ஒரு சங்கம் பிறந்தது. அதன் உறுப்பினர்கள் இந்தத் தீவில் கூடியிருக்கிறார்கள். பந்தயத்துக்கு அல்ல, பழைய வண்டியை ஓட்டிப் பார்க்க.

வண்டியைக் கப்பலில் ஏற்றி, அசையாமல் கயிற்றால் கட்டுவார்கள். கரை இறங்கியதும் வேலை ஆரம்பம். மிகப் பழைய வண்டிகளில் சங்கிலி இல்லை, தோல் பட்டைதான். மழையில் நனைந்தால் பட்டை வழுக்கும். என்ஜின் இரையும், சக்கரம் சுற்றாது! எண்ணெயையும் கையால் பம்ப் அடித்துத்தான் விட வேண்டும். குறைந்தால் என்ஜின் இறுகிவிடும். கூடினால் ஒரே புகை.

1911 முதல் பந்தயம் மலைப் பாதைக்கு மாறியது. ஒரு சுற்று ஏறக்குறைய 38 மைல். கடலோர ராம்சே ஊரை விட்டதும், சாலை 1,300 அடிக்கு மேல் ஏறுகிறது. கிழ வண்டி 'டொக், டொக்' என்று மெல்ல ஏறும். ஓட்டுகிறவரின் காது என்ஜின் மேலேயே இருக்கும்.

ஏறினால் போதுமா? இறங்க வேண்டுமே! அந்தக் காலத்துப் பிரேக்கை நம்ப முடியாது. உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, என்ஜினையே பிரேக்காக்கி இறங்குகிறார்கள்.