ரோம் கைவிட்டதைக் காத்த கோவா

பழைய கோவாவுக்கு வருபவர்கள் முதலில் போவது புனித சவேரியாரின் உடல் இருக்கும் பாம் ஜீசஸ் பசிலிக்காவுக்கு. அடுத்து எதிரே உள்ள சே பேராலயத்துக்கு. மண்டோவி ஆற்றுப் பக்கம் சற்றுத் தள்ளி நிற்கும் புனித கயத்தான் தேவாலயத்துக்கு நேரம் மிஞ்சினால்தான் போகிறார்கள். கட்டடக்கலையில் ஆர்வம் உள்ளவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கலாம். சே பேராலயம் பிரமாண்டமானதுதான். ஆனால் அதற்குக் குவிமாடம் கிடையாது. கயத்தானுக்கு உண்டு.

கட்டியவர்கள் போர்த்துக்கீசியர்கள் அல்ல, இத்தாலியர்கள். போப் எட்டாம் அர்பன் கோல்கொண்டாவுக்கு அனுப்பிய தியாட்டின் துறவிகளுக்கு அங்கே அனுமதி கிடைக்கவில்லை. 1640 வாக்கில் கோவாவில் தங்கிவிட்டார்கள். அதனால்தானோ என்னவோ, லிஸ்பனைப் பார்க்காமல் ரோமைப் பார்த்துக் கட்டினார்கள். மாதிரி, வத்திகானின் புனித பேதுரு பேராலயம். 1650களில் தொடங்கிய வேலை 1661இல் முடிந்தது. கல் மட்டும் உள்ளூர்ச் சரக்கு: கேரளத்தில் வெட்டுக்கல் என்கிறார்களே, அந்தச் செம்புறைக்கல். மேலே சுண்ணாம்புப் பூச்சு.

இந்தக் குவிமாடத்தின் பூர்வீகம் ஃபிளாரன்ஸ் நகரம். அங்குள்ள பேராலயத்தின் நடுவே சுமார் 45 மீட்டர் அகலத்துக்கு வாய் பிளந்திருந்த இடத்தை எப்படி மூடுவதென்று யாருக்கும் தெரியவில்லை. அத்தனை பெரிய சாரத்துக்கு மரமே கிடைக்காது. பொற்கொல்லராக இருந்த புருனெல்லெஸ்கி, தரையிலிருந்து முட்டுக்கொடுக்காமலே, உள்ளும் வெளியுமாக இரண்டு ஓடுகளாக, 1420 முதல் 1436 வரை எழுப்பி முடித்தார். டஸ்கனி மக்கள் அனைவரையும் தன் நிழலில் அடக்கக்கூடியது என்று அதைப் புகழ்ந்தார் அறிஞர் ஆல்பர்ட்டி. கொத்து வேலை ஒன்று மனித அறிவின் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது.

அடுத்த தலைமுறையினர் இந்த எண்ணத்தைத் தரைக்கும் கொண்டுவந்தார்கள். நான்கு கைகளும் ஒரே நீளமுள்ள சிலுவை, நடுவே வட்டம், வட்டத்தின் கீழே மனிதன். பேதுரு பேராலயத்துக்கு பிரமான்ட்டேயும் மைக்கேலேஞ்சலோவும் விரும்பியது இதைத்தான். குவிமாடம் 1590இல் எழுந்தது. ஆனால் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடெர்னோ முன்பக்கத்தை நீட்டிவிட்டார். வழிபாட்டுக்கும் ஊர்வலத்துக்கும் இடம் போதவில்லையாம். விளைவு, சதுக்கத்தில் அருகில் நின்றால் முகப்பு குவிமாடத்தைப் பாதி விழுங்கிவிடுகிறது.

கயத்தானிலோ, வெளிச்சுவர் நீள்சதுரம் என்றாலும் உள்ளே அந்தச் சமகைச் சிலுவையே இருக்கிறது. நான்கு பருத்த தூண்களுக்கு நடுவே நின்றால் கட்டடத்தின் மையத்தில் நிற்பது நிச்சயமாகத் தெரியும்.

குவிமாடம் இந்தியாவுக்குப் புதிதல்ல. அதே காலத்தில்தான், 1656இல், பிஜப்பூரில் 44 மீட்டர் வெளிவிட்டத்துடன் கோல் கும்பஸ் முடிந்தது. அளவில் கயத்தான் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் அது இறந்த மன்னனுக்கான கூரை. இது உயிரோடு வந்து நிற்பவர்களுக்கு.

யார் யார் வந்து நிற்கலாம் என்பது வேறு கதை. குவிமாடம் எழுந்து ஏறக்குறைய 90 ஆண்டுகள் கழித்து, 1750இல்தான் தியாட்டின் சபையில் கோவாவின் மண்ணின் மைந்தர்களைச் சேர்க்க அரச அனுமதி கிடைத்தது. ஐரோப்பியத் துறவிகள் குறைந்துபோனதும் ஒரு காரணம். பின்னர் மடமே அவர்களுடையதாயிற்று. 1835இல் போர்த்துக்கீசிய அரசு துறவியர் சபைகளைக் கலைத்தபோது கயத்தானை விட்டு வெளியேறியவர்கள் இத்தாலியர்கள் அல்ல, கோவாக்காரர்கள்.