பெருங்கொடையும் மருத்துவ ஆராய்ச்சியும்: ஜவ்வாது மலையை முன்வைத்துச் சில சிந்தனைகள்

கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை பயிரிட்டும், தேனும் புளியும் சேகரித்தும், ஆண்டின் சில மாதங்களில் வெளியூர்களுக்குக் கூலி வேலை தேடிச் சென்றும் வாழ்ந்து வருகின்றனர். இம்மக்களிடையே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் நடத்திய குடற்புழு ஆய்வொன்று 2013-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சோதனைக்கு உட்பட்டோரில் ஏறத்தாழப் பத்தில் நால்வரிடம் கொக்கிப்புழு காணப்பட்டது.

மலம் கலந்த ஈரமண்ணில் வளரும் இப்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுகிறது. நுரையீரல் வழியாகச் சென்று குடலை அடைந்து, அங்கே தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. இரத்தசோகையால் குழந்தைகளின் வளர்ச்சி குன்றுகிறது. கருவுற்ற பெண்கள் நலிவுறுகின்றனர். இந்நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வரவேண்டும், அதைத் திரட்டும் பொறுப்பை ஏற்பவர் எந்நெறியில் நிற்கவேண்டும் என்னும் வினாக்களை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

1. பெருங்கொடை ஏன் தேவைப்படுகிறது?

நோயாளியைக் குணப்படுத்தும் செலவை அவர் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டும், சபைகளின் காணிக்கையைக் கொண்டும் ஓரளவு ஈடுகட்டலாம். ஆராய்ச்சியின் நிலை வேறு. பல்லாயிரம் மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சென்று காணவேண்டும்; மாதிரிகளைச் சேகரித்து ஆய்வுக்கூடத்தில் சோதிக்கவேண்டும்; களப்பணியாளருக்கு மாதந்தோறும் ஊதியம் தரவேண்டும். இவற்றின் பயன் எவருக்கும் உடனே கிட்டுவதில்லை. மேலும், ஏழைகளின் நோய்க்கு மருந்து விற்று ஆதாயம் பெற வழியில்லாமையால், வணிக நிறுவனங்கள் இதில் முதலீடு செய்ய முன்வருவது அரிது. எனவே அரசின் மானியத்தையும், பெருஞ்செல்வரும் அவர்கள் நிறுவிய அறக்கட்டளைகளும் தரும் கொடையையும் நாடவேண்டியுள்ளது.

2. ஒரு போதகர் காட்டிய வழி

பெருங்கொடை திரட்டும் கலையை வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஒரு போதகரே என்பதைப் பலர் அறியார். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பாப்டிஸ்ட் போதகராயிருந்த பிரெடரிக் கேட்ஸ் என்பாரிடம், மாவு ஆலை அதிபர் ஜார்ஜ் பில்ஸ்பரி, தம் சபையாரின் பள்ளிக்குப் பெருந்தொகை வழங்குவது பற்றி ஆலோசனை கேட்டார். முழுத்தொகையையும் ஒருங்கே கொடுத்துவிட வேண்டாம் என்று கேட்ஸ் அறிவுறுத்தினார். சபை மக்கள் 50,000 டாலர் திரட்டினால் தாமும் 50,000 டாலர் தருவதாக அறிவிக்கும்படி கூறி, அத்தொகையைத் திரட்டும் பணிக்குத் தாமே முன்வந்தார். செல்வர் ஒருவரின் கை தாராளமாக நீளும்போது, சபையின் கை முடங்கிவிடக் கூடாது என்பதே அவர் கருத்து.

1889-இல் ஜான் டி. ராக்பெல்லர், சிகாகோ கல்லூரிக்கு 6 இலட்சம் டாலர் வாக்களித்தபோதும், பிறர் 4 இலட்சம் டாலர் தரவேண்டும் என்ற நிபந்தனை அமைந்தது. அதனைத் திரட்டியவர்களில் கேட்ஸும் ஒருவர். பின்னர் அவர் ராக்பெல்லரின் அறக்கொடை ஆலோசகரானார். 1897-இல் மருத்துவ மேதை ஆஸ்லர் எழுதிய பெருநூலைக் கருத்தூன்றிப் படித்து, அக்கால மருத்துவம் உறுதியாகக் குணப்படுத்தக்கூடிய நோய்கள் எவ்வளவு சில என்பதை உணர்ந்தார். மருத்துவ ஆராய்ச்சிக்கெனத் தனி நிறுவனம் வேண்டுமென ராக்பெல்லரிடம் வற்புறுத்தினார். 1901-இல் ராக்பெல்லர் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. பத்தாண்டுகளுக்கு 2 இலட்சம் டாலர் என்பது முதல் வாக்குறுதி.

இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கேட்ஸ் செல்வரிடம் அவர் விரும்பியதைக் கூறி மகிழ்விக்கவில்லை. தாம் முதலில் கற்றார், பிறகே கேட்டார். எது அறியப்படவில்லை என்பதைத் தெளிவாக எடுத்துரைத்ததே அவருடைய வேண்டுகோளின் வலிமையாயிற்று.

3. வேலூர் கற்பிக்கும் பாடங்கள்

வேலூரின் வரலாறும் பெருங்கொடையுடன் பின்னிப் பிணைந்ததாகும். மருத்துவப் படிப்பை 1899-இல் முடித்த ஐடா ஸ்கடர் அம்மையார், இந்தியாவுக்குப் புறப்படுமுன், வேலூரில் பெண்களுக்கு மருத்துவமனை அமைக்க நியூயார்க்கில் நிதி திரட்டினார். அம்மையார் ஒரு பெண்மணியிடம் தம் நோக்கத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய உறவினரும் வங்கித் தலைவருமான ராபர்ட் ஷெல் அதைக் கேட்கலானார். பின்னர் அம்மையாரை அழைத்துப் பல வினாக்கள் எழுப்பி, மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார். மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை 1902-இல் திறக்கப்பட்டது.

இரண்டாவது பாடம் 1920-களில் கிடைத்தது. வேலூர் மருத்துவப் பள்ளி, சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி உட்பட ஆசியாவின் ஏழு மகளிர் கல்லூரிகளுக்காக லூசி பீபாடி அம்மையார் தலைமையில் நிதி திரட்டப்பட்டது. லாரா ஸ்பெல்மன் ராக்பெல்லர் நினைவு அறக்கட்டளை 10 இலட்சம் டாலர் தர இசைந்தது. ஆனால் பெண்கள் 20 இலட்சம் டாலர் திரட்டவேண்டும் என்றது. ஊர் ஊராகச் சபைப் பெண்கள் ஆளுக்கொரு டாலராகச் சேர்த்து அந்நிபந்தனையை நிறைவேற்றினர். இங்குப் பெருங்கொடை சிறுகாணிக்கைகளை விழுங்கிவிடாமல், அவற்றைத் தட்டியெழுப்பிற்று.

மூன்றாவது பாடம் கசப்பானது. 1930-களின் இறுதியில் சென்னை மாகாண அரசு பழைய எல்.எம்.பி. படிப்பை நிறுத்தி, எம்.பி.பி.எஸ். படிப்பையே ஏற்கலாயிற்று. கல்லூரியை உயர்த்தப் பெருநிதியும் பரந்த ஆதரவும் வேண்டியிருந்தன. ஆண் மாணவரையும் சேர்க்கும் பொதுக் கல்லூரியாக மாற்றினால் பல சபைகளின் துணை கிடைக்கும் என்ற நிலை உருவாயிற்று. பெண்களுக்கென்றே கொடுத்தும் திரட்டியும் உழைத்த பீபாடி அம்மையார் இதனைக் கடுமையாக எதிர்த்தார். ஐடா அம்மையார் நீண்ட போராட்டத்துக்குப் பின் மாற்றத்துக்கு இணங்கினார். 1947-இல் ஆண்கள் சேர்க்கப்பட்டனர். கொடையாளரின் முதல் நோக்கத்துக்கு மதிப்பளிக்க வேண்டும். எனினும் நோயாளிகளின் நன்மையே நிறுவனத்தின் முடிவான அளவுகோல். இவ்விரண்டும் மோதும்போது, மறைவாகச் செய்யாமல் கொடையாளரின் முகத்துக்கு நேராகவே உண்மையைக் கூறவேண்டும். நட்பை இழக்க நேர்ந்தாலும் அதுவே நேர்மை.

4. தலைமை ஏற்பவரின் கடமைகள்

இவ்வரலாற்றிலிருந்து, ஆராய்ச்சி நிறுவனத்துக்காகப் பெருங்கொடை திரட்டுபவர் கைக்கொள்ளத்தக்க சில நெறிகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, ஆட்சிக்குழுவினர் தத்தம் வருவாய்க்கேற்பத் தாமே முதலில் கொடுக்கவேண்டும். தாம் கொடாத ஒன்றைப் பிறரிடம் கேட்பவரின் சொல் எடுபடாது.

இரண்டாவது, பலரிடம் கடிதம் அனுப்பிக் காத்திராமல், நோக்கத்தோடு இயைபுடைய சிலரைத் தேர்ந்து, அவர்களை அறிந்துகொள்ளக் காலம் செலவிடவேண்டும். அவர்கள் ஆய்வுக்கூடத்தையும் களத்தையும் பார்க்கட்டும், தடையின்றி வினவட்டும். ஷெல் பல வினாக்கள் எழுப்பிய பின்னரே கொடுத்தார் என்பது நினைவுகூரத்தக்கது.

மூன்றாவது, கேட்கும்போது தொகையையும் பயனையும் திட்டவட்டமாகக் கூறவேண்டும். கொடையாளர் மதிக்கும் ஒருவர் கேட்பதும், ஆய்வாளர் உடனிருந்து விளக்குவதும் நன்று. கேட்டபின் அவர் சிந்திக்க இடம் தரவேண்டும்.

நான்காவது, ஆராய்ச்சியில் தோல்வியும் ஒரு விளைவு என்பதை முன்னரே கூறவேண்டும். மருத்துவமனைக் கட்டடத்துக்குக் கொடுப்பவர் கட்டடத்தைக் காண்பார். ஆராய்ச்சிக்குக் கொடுப்பவர், இம்முறை பயன் தரவில்லை என்ற விடையை மட்டுமே பெறக்கூடும். அவ்விடையும் பிறரை வீண்செலவிலிருந்து காக்கும். நோய் ஒழிந்துவிடும் என்று வாக்களித்துப் பணம் பெறுவது பொய்ச்சாட்சியாகும்.

ஐந்தாவது, எந்நோயை ஆராய்வது என்பதில் கொடையாளர் விருப்பம் தெரிவிக்கலாம். முடிவு எவ்வாறு அமையவேண்டும் என்பதிலும், அதை வெளியிடுவதா மறைப்பதா என்பதிலும் அவருக்கு உரிமை கிடையாது. இதனை எழுத்தில் வரையறுத்துக்கொள்வது இருசாராருக்கும் பாதுகாப்பு.

ஆறாவது, பணத்தின் தோற்றுவாயை ஆராயவேண்டும். அமெரிக்க மிஷன் சங்கம் 1905-இல் ராக்பெல்லரிடமிருந்து 1 இலட்சம் டாலர் பெற்றபோது, அது கறைபட்ட பணம் என்று போதகர் வாஷிங்டன் கிளாடன் கண்டித்தார். மதுரை மிஷனை நடத்திய அதே சங்கமாதலால், இவ்வழக்கு நமக்கும் அயலன்று. அப்பணம் கேளாமல் வந்தது என்ற எண்ணம் முதலில் பரவியிருந்தது. சங்கத்தாரே கேட்டுப் பெற்றனர் என்பது பின்னர்த் தெரியவந்தது. வாங்கலாமா என்ற வினாவுக்கு நல்லோர் இருவகை விடையும் கூறக்கூடும். வாங்கியதை ஒளித்தலுக்கோ நியாயம் கூற இயலாது.

ஏழாவது, கணக்கு. எருசலேமின் ஏழைகளுக்காகப் பெருந்தொகை சேர்த்த பவுல் அடியார், தம்மேல் பழிச்சொல் வராதபடி தீத்துவையும், சபைகள் நன்கறிந்த சகோதரரையும் அப்பணியில் இணைத்தார் என்பதை 2 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் காண்கிறோம். இந்நாளில் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமும் கணக்கைக் கேட்கிறது. 2020-இல் செய்யப்பட்ட திருத்தம், அப்பணத்தில் நிர்வாகச் செலவை 20 விழுக்காட்டுக்குள் அடக்கியது; பெற்றதை வேறு அமைப்புக்கு மாற்றித் தருவதையும் தடுத்தது. பெருங்கொடையை மேலிருந்து பெற்றுக் கீழே சிறு அமைப்புகளுக்குப் பகிரும் பழைய முறைக்கு இனி இடமில்லை. உள்நாட்டிலோ, 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பணித்துள்ளது. நிதி திரட்டுவோர் நம் நாட்டுச் செல்வரையும் தொழில் நிறுவனங்களையும் நாடப் பழகவேண்டிய காலம் இது.

5. கொடையாளர் இருவர்

மீண்டும் ஜவ்வாது மலைக்கு வருவோம். கொக்கிப்புழுவை ஒழிக்க ராக்பெல்லர் 1909-இல் 10 இலட்சம் டாலர் கொடுத்தார். அமெரிக்கத் தென்மாநிலங்களில் பெரும் இயக்கம் நடந்தது. 1920-களில் அவருடைய அறக்கட்டளையின் பணி சென்னை மாகாணத்தையும் எட்டிற்று. மருந்து புழுவை வெளியேற்றிற்று. கழிப்பிடமும் காலணியும் இல்லாத இடங்களில் புழு மீண்டும் வந்தது.

நூறாண்டுக்குப் பின்னும் அதே வினா எஞ்சி நின்றது. பள்ளிச் சிறாருக்கு மட்டும் மருந்தளிக்காமல், ஊரார் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறையாக மூன்றாண்டுகள் அளித்தால், நோய் பரவுவதையே நிறுத்த இயலுமா? இதனை அறிய 2017-இல் பெனின், மலாவி, இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. இந்தியாவில் திமிரி, ஜவ்வாது மலை ஆகிய ஒன்றியங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. களப்பொறுப்பை வேலூர் மருத்துவக் கல்லூரி ஏற்றது. பில்-மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளை பொருளுதவி செய்தது. மேலே கூறிய போதகர் கேட்ஸுக்கும் இவர்களுக்கும் உறவில்லை.

இவ்வாய்வில் கொடுத்தவர் யார்? பணம் கொடுத்தவர் பெயரை அறிக்கைகளில் காண்கிறோம். ஆனால் தம் உடலினின்று மாதிரி கொடுத்தவரும், கூலி வேலையை விட்டு வீட்டில் காத்திருந்தவரும், முன்பின் அறியாத களப்பணியாளரின் சொல்லை நம்பி மாத்திரையை விழுங்கியவரும் கொடையாளரே. அவர்கள் இன்றி, எத்தனை கோடி கொட்டினாலும் ஓர் எண்ணும் கிடைத்திராது. ஆலயக் காணிக்கைப் பெட்டியில் விதவை இட்ட இரு காசுகளை ஆண்டவர் எவ்வாறு மதிப்பிட்டார் என்பதைப் போதிக்கும் நாம், இக்கொடையைக் கணக்கில் சேர்க்காதிருப்பது முறையாகாது.

ஆகவே, பெருங்கொடையாளருக்கு ஆற்றும் கடமைகள் அனைத்தும் மலைமக்களுக்கும் உரியன. செல்வரிடம் நோக்கத்தை விளக்குவதுபோல், அவர்களிடம் அவர்கள் பேச்சிலேயே விளக்கி இசைவு பெறவேண்டும். மறுக்கும் உரிமையை மதிக்கவேண்டும். செல்வருக்கு அறிக்கை அனுப்புவதுபோல், முடிவு எதுவாயினும் ஊர்க்கூட்டத்தில் எடுத்துரைக்கவேண்டும். திட்டக்காலம் முடிந்து பணம் நின்றபின், அவ்வூர்களுக்கு மருந்தும் மருத்துவ ஊர்தியும் எவ்வாறு தொடர்ந்து வரும் என்பதை, முதல் வேண்டுகோளை எழுதும்போதே எழுதிச் சேர்க்கவேண்டும். இச்செலவைச் சேர்த்தால் தொகை மிகுந்துவிடும் என்று அஞ்சிக் குறைத்துக் கேட்பவர், அக்குறையை ஏழையின் தலையில் சுமத்துகிறார்.

முடிவுரை

நிதி திரட்டுதலை இரத்தலாகவும், இழிவாகவும் கருதும் மனப்பாங்கு நம் சபைகளில் இன்னும் உண்டு. அதை வெறும் சாமர்த்தியமாகக் கருதும் மனப்பாங்கும் புதிதாக வளர்ந்து வருகிறது. இரண்டும் உக்கிராணத்துவத்தின் பொருளை உணராமையால் எழுவன. உக்கிராணக்காரன் கையிலுள்ள பொருள் அவனுடையதன்று. கொடுத்தவருக்கும், எவருக்காகக் கொடுக்கப்பட்டதோ அவருக்கும் அவன் கணக்குக் கொடுக்கவேண்டியவன். நம் மருத்துவ நிறுவனங்களின் ஆட்சிக்குழுக்களில் அமரும் ஆயர்களும் சபைப் பிரதிநிதிகளும் அடுத்த பெருங்கொடைக்கான விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன், ஜமுனாமரத்தூரில் இதனை உரக்கப் படித்துக்காட்ட நமக்குத் துணிவுண்டா என்று வினவுவார்களாயின், பெரும்பாலான பிழைகள் தொடக்கத்திலேயே திருத்தப்பட்டுவிடும் என்பது நம் துணிபு.