சிப்பி ஏன் மணியைத் துப்பவில்லை?

தூத்துக்குடிக் கடலடியின் சிப்பிப் படுகைகளான பார்களில் பெரிய அளவில் முத்துக்குளித்தது 1961-ஓடு நின்றுபோனது. 1973-இல் அதே கரையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி குழு நாட்டின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டியது.

மழைத்துளி முத்தாகும் என்பது பழங்கதை. மண் துகள் கதையோ இன்னும் சாகவில்லை. கலங்கல் நீரிலேயே கிடக்கும் சிப்பி, துகளுக்கு ஒரு முத்து விளைத்தால் தூத்துக்குடியில் புளியைவிட முத்து மலிவாகக் கிடைக்குமே!

வளர்ப்பு முத்தில் உண்மையில் நடப்பது ஓர் அறுவை சிகிச்சை. கடல்நீரில் மெந்தால் தூவிச் சிப்பியை மயங்க வைக்கிறார்கள். வாய் திறந்ததும், அதன் காலின் அடிப்பகுதியில் சிறிதாகக் கீறி, இனப்பெருக்க உறுப்புக்குள் ஓட்டில் கடைந்த உருண்டை மணியை வைக்கிறார்கள். கூடவே இன்னொரு சிப்பியின் மேலுறையிலிருந்து இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அளவில் வெட்டிய திசுத்துண்டு, மணியை ஒட்டினாற்போல். சூட்சுமமே அந்தத் துண்டுதான். அதன் செல்கள் பெருகி மணியைச் சுற்றிப் பை கட்டும். பைதான் பளபளப்பைச் சுரக்கும்.

அந்நியத் திசுவை உடம்பு எப்படிப் பொறுத்துக்கொள்கிறது? சிப்பிக்கு நம்மைப் போல ஆன்டிபாடி கிடையாது. காயத்தை மொய்ப்பவை ரத்தச் செல்கள். கிருமியைக் கொல்பவை சிறு புரதத் துண்டுகளான பெப்டைடுகள். மட்டி, சிப்பி இனங்களில் கண்டறியப்பட்ட டிஃபென்சின் அவற்றில் ஒன்று.

அதே பெயர்கொண்ட பெப்டைடுகள் சுண்டெலியின் சிறுகுடலிலும் சுரக்கின்றன. அவற்றின் வேலை கொல்வதோடு முடியவில்லை. மனித டிஃபென்சின் மரபணு ஒன்றைப் புகுத்திய சுண்டெலிகளின் குடலில், சுவரோடு ஒட்டி வாழும் ஓர் இழை பாக்டீரியா அற்றுப்போனதையும், இன்டர்லூகின்-17 சுரக்கும் நோயெதிர்ப்புச் செல்கள் குறைந்ததையும் 2010-இல் கண்டார்கள். குடித்தனக்காரர் மாறினால் காவலாளியின் வேலையும் மாறுகிற மாதிரி. எந்த நோயெதிர்ப்புச் செல் பெருகும், எது குறையும் என்பதில் கிருமிக்கொல்லிக்கும் பங்குண்டு.

சிப்பியின் எதிர்ப்பு மணியை எப்படி எதிர்கொள்கிறது என்பதை அதன் மரபணுக்கள் வழியே தேடுகிறார்கள். நம் முத்துச்சிப்பி இனத்தின் மரபணுத் தொகுதியை ஜப்பானியர் 2012-இல் வெளியிட்டபின், மணி வைத்த சிப்பியில் எந்த எதிர்ப்பு மரபணுக்கள் ஏறி இறங்குகின்றன என்று அளப்பது எளிதாயிற்று. பண்ணைக்காரருக்கு இது வெறும் ஆராய்ச்சியில்லை. மணியைத் துப்பிவிடும் சிப்பியும், அறுவை தாங்காமல் சாகும் சிப்பியும் அவர் கைக்காசு.