கிறிஸ்துமஸுக்கு முன் ஓர் ஆயாவின் கணக்கு

மார்கழி பிறந்ததும் புதுச்சேரி வட்டாரத்தில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நெருக்கும். வயலில் சம்பா நெல் பால் பிடித்து முற்றும் தருணம் அது. வீட்டிலோ கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான ஏற்பாடு நடக்கும். வயலுக்கு வேண்டிய செலவு அநேகமாக முடிந்திருக்கும். ஆனால் வரவு தை பிறந்த பிறகுதான். இந்த இடைவெளியில்தான் பல சிறு விவசாயக் குடும்பங்கள் வட்டிக்குக் கடன் வாங்குகின்றன, அல்லது வயலில் நிற்கும் நெல்லுக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிடுகின்றன.

இதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நெல்லித்தோப்பு, அரியாங்குப்பம், வில்லியனூர்ப் பக்கத்துப் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களின் வழக்கத்திலேயே அது இருக்கிறது. எடுத்துக்காட்டுக்கு ஒரு வீட்டைப் பார்ப்போம். குடியிருப்பு நகரில், நிலம் பாகூர்ப் பக்கம் ஒரு காணி. வீட்டுக்கு மூத்தவர் ஆயா. பிரெஞ்சு இராணுவத்தில் இருந்தவர்களின் 'சொல்தா' வீடுகளைப் போல இவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. நெல்லும், கோழியும், ஆயாவின் திட்டமும்தான் முதல்.

பின்னோக்கி எண்ணும் முறை

இந்த ஆயாவுக்குக் கிறிஸ்துமஸ் டிசம்பரில் தொடங்குவதில்லை, ஜூன் மாதமே தொடங்கிவிடுகிறது. டிசம்பர் 25-இலிருந்து பின்னோக்கி நாள் எண்ணி எதை எப்போது தொடங்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்.

நாட்டுச் சேவல் விற்கும் பருவத்துக்கு வர ஐந்து முதல் ஆறு மாதம் ஆகும். அடை வைத்த முட்டை பொரிய 21 நாள். ஆகவே ஜூன் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் அடை வைத்தால்தான் ஜூலைத் தொடக்கத்தில் குஞ்சு இறங்கி, கிறிஸ்துமஸ் வாரத்தில் சேவல் விலைக்கு நிற்கும். வாத்து வளர்ப்பவர்கள் அடைக்கு 28 நாள் கணக்கிட வேண்டும்.

அடை வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. வெயில் காலத்தில் மூன்று, நான்கு நாளுக்குள் வைப்பது நல்லது. நடுத்தரமான ஒரு நாட்டுக்கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை போதும். ஏழாம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் கரு கூடாத முட்டை தெளிவாகத் தெரியும். அதை எடுத்துவிட வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை விட்டுவிட்டால் உழைப்பெல்லாம் வீண். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. இரண்டையும் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஊசி போட்டு முடித்துவிட வேண்டும். ஒரே வாரத்தில் கொட்டில் முழுவதையும் காலியாக்கக்கூடிய நோய் இது.

பூ பயிரிடுவோருக்கும் இதே கணக்குத்தான். செண்டுமல்லி நட்ட 60 நாள் அளவில் பூக்கத் தொடங்கும். நாற்றுக்கு ஒரு மாதம். செப்டம்பர் நடுவில் விதைத்து அக்டோபர் நடுவில் நட்டால் கோயில் அலங்காரத்துக்கும் வீட்டு மாலைக்கும் பூ தயார். ஆனால் அது மழைக்காலம். மேட்டுப்பாத்தியும் வடிகாலும் இல்லாமல் நடக் கூடாது.

விவிக்கத்துக்கு வேண்டியவை

புதுச்சேரிக்கென்றே உரிய கிறிஸ்துமஸ் கேக் 'விவிக்கம்'. ரவை, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, முந்திரிப்பருப்பு, ரம்மில் ஊறிய உலர்ந்த திராட்சை இவையே அதன் சரக்கு. பிரெஞ்சு ஆட்சிக்காலத்துப் பழக்கமும் நம்மூர் ரவையும் சேர்ந்து உண்டான பண்டம். 1954-இல் ஆட்சி மாறியது; 1962-இல் சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. விவிக்கம் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

இதன் சரக்கை ஆயா டிசம்பரில் ஒரே நாளில் வாங்குவதில்லை. முந்திரி அறுவடை மார்ச் முதல் மே வரை. பண்ருட்டி முந்திரி பக்கத்தில்தான் கிடைக்கிறது. பருவத்தில் வாங்கி, நன்கு உலர்ந்த பருப்பைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வைத்தால் பண்டிகை நேரத்து விலையேற்றம் நம்மைத் தொடாது. ஈரம் பட்ட பருப்பு பூஞ்சணம் பிடிக்கும். சிக்கு வாடை அடிக்கும். அதைப் பயன்படுத்தக் கூடாது. திராட்சையை நவம்பரிலேயே ஊற வைத்துவிடுவார்.

முட்டை டஜன் கணக்கில் தேவைப்படும். டிசம்பர் தொடக்கத்திலிருந்தே வீட்டுக் கோழியின் முட்டையைச் சேர்ப்பார். சேர்க்கும் முட்டையைக் கழுவக் கூடாது. கழுவினால் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்விடும். கிருமி உள்ளே நுழையும். அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, கூர்முனை கீழே இருக்கும்படி குளிர்ந்த இடத்தில் அடுக்க வேண்டும். உடைக்குமுன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்திருந்தால் புதியது. நிமிர்ந்து நின்றால் நாள்பட்டது. உடனே வேகவைத்துப் பயன்படுத்தலாம். மிதந்தால் எறிந்துவிட வேண்டும். ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பிறகே மாவில் சேர்ப்பது ஆயாவின் வழக்கம். கெட்ட முட்டை ஒன்று ஒரு படி மாவைக் கெடுத்துவிடும்.

கடைசிப் பத்து நாட்கள்

திருவருகைக் காலம் தொடங்கியதுமே சுவருக்கு வெள்ளை அடித்தாகிவிடும். வாசலில் காகித நட்சத்திரம் ஏறும். டிசம்பர் 15-க்குப் பிறகு வீடே ஆயாவின் உத்தரவில் இயங்கும். பெரியவர் ஒருவரிடம் வேலைப் பங்கீடு இருப்பதால் யாரும் யாரையும் எதிர்பார்த்து நிற்பதில்லை.

முதல் வேலை மாவு. பச்சரிசியை ஊற வைத்து வடிகட்டி, நிழலில் துணிமேல் உலர்த்தி, ஈரம் சற்று இருக்கும்போதே இடித்துச் சலிப்பார்கள். அதிரசத்துக்கு அந்த ஈர மாவையே உடன் பாகில் போட வேண்டும். முறுக்குக்கும் அச்சுமுறுக்குக்கும் உரிய மாவை வறுத்து, முழுவதும் ஆறிய பிறகே மூடி வைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து மாவு புளிக்கும். மார்கழிப் பனியில் இது அடிக்கடி நேரும் தவறு.

அச்சுமுறுக்குக்கு அரிசிமாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்த்துக் கரைப்பார்கள். அச்சை எண்ணெயிலேயே நன்கு சூடாக்கிய பின் முக்கால் பாகம் மட்டும் மாவில் தோய்க்க வேண்டும். முழுதும் மூழ்கினால் முறுக்கு கழலாது. கலகலாவுக்கு மாவை உருட்டும் வேலை பேரப்பிள்ளைகளுடையது. ஒருமுறை பொரித்துக் கறுத்த எண்ணெயை மறுபடி பலகாரத்துக்கு எடுப்பதில்லை என்பது ஆயாவின் கண்டிப்பு.

பலகாரம் தயாரானதும் தட்டுகள் தெருவுக்குப் போகும். பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் வந்த தட்டுகளுக்கு மறுமொழி இதுதான். எத்தனை வீட்டுக்கு எத்தனை தட்டு என்று முன்பே எண்ணி வைத்திருப்பதால் மாவும் எண்ணெயும் மீறிப் போவதில்லை.

குடிலில் ஒரு முளைப்புச் சோதனை

குடில் கட்டுவது பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியான வேலை. வைக்கோல் கூரை, களிமண் குன்று, அதன்மேல் பசும்புல். இந்தப் புல்லுக்காக நெல்லையோ கேழ்வரகையோ பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு தட்டில் விதைப்பது பல வீடுகளில் வழக்கம்.

உழவர் பெருமக்கள் இதை விளையாட்டாக விட்டுவிட வேண்டாம். கிறிஸ்துமஸ் முடிந்தவுடன் நவரைப் பட்டம். விதைக்கப் போகும் அதே விதையிலிருந்து கலந்து எடுத்த 100 மணிகளை எண்ணி, குடில் தட்டின் ஒரு பக்கத்தில் விதையுங்கள். ஏழெட்டு நாளில் நன்றாக முளைத்தவற்றை எண்ணுங்கள். நெல்லுக்கு 80-க்குக் குறையாமல் முளைத்திருக்க வேண்டும். இதுவே சான்று விதைக்கான குறைந்தபட்ச முளைப்புத்திறன். 60, 65 என்று நின்றால் அந்த விதையை நம்பி நாற்றங்கால் விடக் கூடாது. வேறு விதை தேட இன்னும் நாள் இருக்கிறது. புதிதாக அறுத்த நெல் சில சமயம் விதை உறக்கத்தால் முளைக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்று இராஜாக்கள் திருநாள் வரை குடில் இருக்கும். அதன்பின் அந்தப் பயிரை ஆட்டுக்குப் போடலாம். ஆனால் மருந்து கலந்த விதையில் முளைத்ததை ஆடு, கோழி எதற்கும் போடக் கூடாது. வைக்கோல் கூரையில் மின்விளக்குச் சரம் படாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வயலை மறக்கக் கூடாது

பண்டிகை வாரத்தில் வயல் பக்கம் யாரும் போகாமல் இருப்பதுதான் பெரிய நஷ்டத்துக்குக் காரணம். ஆயா இதற்கும் ஆள் ஒதுக்குகிறார். மூத்த பேரன் ஒருநாள் விட்டு ஒருநாள் சைக்கிளில் பாகூர் போய்வர வேண்டும். சும்மா வரப்பில் நின்று பார்த்துவிட்டு வரக் கூடாது. தூரை விலக்கி அடிப்பகுதியில் புகையான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும். பனியும் குளிரும் சேர்ந்தால் கதிரின் கழுத்தில் குலைநோய் வரும். பால் பிடிக்கும் கதிரில் நாவாய்ப்பூச்சி உண்டா என்று காலையில் பார்க்க வேண்டும். எது தென்பட்டாலும் கடைக்காரர் கொடுக்கும் மருந்தை வாங்கி வராமல் வேளாண் அலுவலரைக் கேட்டு அடிக்க வேண்டும்.

மழையையும் நம்ப முடியாது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. 2011-இல் தானே புயல் வந்தது டிசம்பர் 30-இல், கிறிஸ்துமஸ் முடிந்த ஐந்தாம் நாள். ஆகவே வடிகாலைத் திறந்து வைப்பதும், வைக்கோல் போரை மூடுவதும், விதை மூட்டையைத் தரையிலிருந்து உயரத்தில் வைப்பதும், கோழிக் கொட்டிலின் கூரையை இறுக்கிக் கட்டுவதும் பண்டிகை வேலையோடு சேர்ந்த வேலைகளே.

கடன் இல்லாத பண்டிகை

கணக்கைப் பார்ப்போம். பண்டிகைக்காக ரூ.10,000 கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி என்றால் மாதம் ரூ.500. நெல் விற்றுப் பணம் வர மூன்று மாதம் ஆனால் வட்டி மட்டும் ரூ.1,500. அடுத்த கிறிஸ்துமஸ் வரை இழுத்துவிட்டால் ரூ.6,000.

நிற்கும் பயிருக்கு முன்பணம் வாங்குவது இன்னும் மோசம். வட்டி என்ற பெயர் அதில் இல்லாததால் நஷ்டம் கண்ணில் படுவதில்லை. மூட்டைக்கு ரூ.100 குறைத்துப் பேசினால், 30 மூட்டைக்கு ரூ.3,000 போய்விடும். நல்ல விலை வரும்வரை காத்திருக்கும் உரிமையும் போய்விடும். "அறுக்காத நெல்லை அளக்காதே" என்று ஆயா சொல்வது இதற்காகத்தான்.

அவர் செய்வது எளிது. முட்டை விற்ற காசில் வாரந்தோறும் ஒரு பங்கைத் தபால் நிலையத்திலோ கூட்டுறவு வங்கியிலோ போடுகிறார். பதிவில்லாத பண்டிகைச் சீட்டு எதிலும் சேருவதில்லை. பத்துச் சேவலில் ஆறு கிறிஸ்துமஸ் வாரத்தில் விலைக்கு, மூன்று வீட்டுக்கு, ஒன்று இனத்துக்கு. ஆறு சேவல் விற்ற பணம் பிள்ளைகளின் துணிக்கும் தையல் கூலிக்கும் உதவும். வாங்க வேண்டிய பொருளை நான்கு மாதத்தில் பிரித்து வாங்குவதால் எந்த ஒரு மாதமும் கனக்கவில்லை.

டிசம்பர் 24 இரவு, வயல் பார்த்தாகிவிட்டது, கொட்டில் அடைத்தாகிவிட்டது என்று கேட்டுக்கொண்ட பிறகே ஆயா நடுஇரவுத் திருப்பலிக்குப் புறப்படுகிறார். சம்பா கோயில் மணி கேட்கும்போது அவர் யாருக்கும் கடன்காரர் இல்லை.

பொங்கல், தீபாவளி, ரம்ஜான் எதைக் கொண்டாடும் குடும்பமானாலும் முறை ஒன்றுதான். பண்டிகைத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து கோழிக்கு ஆறு மாதம், பூவுக்கு மூன்று மாதம், பலகாரத்துக்குப் பத்து நாள் என்று பின்னோக்கி எண்ணுங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால் அவரை அருகில் வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலை எழுதுங்கள். கோழி வளர்ப்பு, விதைச் சோதனை, பயிர்ப் பாதுகாப்பு பற்றிய விவரங்களுக்குப் புதுச்சேரி விவசாயிகள் குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்தையும், மற்றவர்கள் தங்கள் பகுதி வேளாண் அலுவலரையும் அணுகிப் பயன் பெறலாம்.