அதே கை, அதே வேகம்... திருப்பூர் வந்தால் வேலை மட்டும் எப்படிக் கூடுகிறது?

கிராமத்தில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கெட்டிக்காரர்தான். ஆனால் அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது, கொக்கி வைப்பது எல்லாமே அவர் ஒருவர். நூல் தீர்ந்தால் பஸ் ஏற வேண்டும். மெஷின் மக்கர் செய்தால், மெக்கானிக் வரும்வரை வருமானம் கிடையாது.

அவரே திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வந்தால், ஓவர்லாக் மெஷினில் தோள்பட்டை மட்டும் இணைப்பார். கொஞ்ச நாளில் கை தானாக ஓடும். 'இது ஃபேக்டரியின் மகிமை, இதில் ஊருக்கு என்ன பங்கு?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி!

ஒரு டி-ஷர்ட்டுக்கு நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, லேபிள், அட்டைப்பெட்டி என்று எத்தனை வேலைகள்! எல்லா மெஷினையும் ஒரே கம்பெனி வாங்கினால் பாதி சும்மா கிடக்கும். திருப்பூரில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜாப் வொர்க் யூனிட்கள். பல கம்பெனிகளின் ஆர்டர்கள் வருவதால் அங்கே மெஷினும் ஓய்வதில்லை, ஆளும் ஓய்வதில்லை.

இந்தச் சங்கிலியின் அருமை 2011 ஜனவரியில் தெரிந்தது. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில், சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். தையல் மெஷின்கள் அப்படியேதான் இருந்தன; தைப்பவர்களின் திறமையும் குறையவில்லை. ஆனாலும் சாயத்துக்காகத் துணியை வெளியூருக்கு அனுப்பியதில் நாளும் கூடியது, செலவும் கூடியது. பட்டறைகள் ஒரே இடத்தில் குவிந்ததற்கு அதுவரை விலை கொடுத்தவர்கள் ஆற்றங்கரை விவசாயிகள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு லாபம், கண்ணில் படாதது. ஒரே தொழில் செய்பவர்கள் ஒரே ஊரில் இருந்தால், யாரும் பாடம் நடத்தாமலே தொழில் நுணுக்கம் பரவும் என்று 1890-லேயே எழுதினார் இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல். எந்த கம்பெனியில் பீஸ் ரேட் அதிகம், எங்கே புது மெஷின் வந்திருக்கிறது என்பதெல்லாம் டீக்கடையிலேயே தெரிந்துவிடும். ஸ்பெயினில் நடந்த ஓர் ஆய்வு இன்னும் சுவாரஸ்யம்: பெருநகரத்தில் வேலை பார்த்தவர்கள் சிறிய ஊருக்குப் போன பிறகும், அங்கே பெற்ற அனுபவத்தின் பலன் சம்பளத்தில் தொடர்ந்ததாம்.

சரி, கூடுதலாகத் தைத்த காசு முழுக்க அந்தப் பெண்ணுக்கா? அதுதான் இல்லை. கிராமத்தில் சொந்த வீடு இருந்தது. இங்கே லைன் வீட்டுக்கு அட்வான்ஸ், மாத வாடகை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியும் பக்கத்தில் இல்லை.